போர்டுக்குத் தயார் செய்த பிள்ளை

தான் பெற்ற பிள்ளையால் என்னென்ன செய்ய முடியாது என்பதை, அந்தப் பிள்ளையின் காதுபட ஒரு தாய் எப்படிச் சொல்வது?

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு மருத்துவர் என் மகனால் என்ன முடியும், என்ன முடியாது என்று என்னிடம் கேட்டார். அன்று நான் சொன்ன பதில் உண்மையல்ல. அடுத்த மாதம் அதே மேசைக்கு முன்னால் மறுபடியும் உட்கார வேண்டும். உண்மை எது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வாய் வருமா என்பதுதான் தெரியவில்லை. ஒரு வாரமாக இதே நினைப்பு. நேற்றுகூட சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். எழுதிப் பார்த்தாலாவது தெளியுமா என்று எழுதுகிறேன்.

என் கணவர் ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது அவருக்கு முப்பத்தாறு வயது. எங்கள் மகனுக்கு ஒன்றரை வயது. நாகர்கோவிலில் ஒரு வங்கியில் காவலர் வேலைக்குச் சேர்ந்தார். பூதப்பாண்டிக்குப் பக்கத்தில், வயலைப் பார்த்த வீடு. மாதத்தின் முதல் வாரம் எங்கள் வீட்டுக்கு உறவினர்கள் நிறைய வருவார்கள். ராணுவக் கேண்டீனிலிருந்து அவர் வாங்கி வரும் பாட்டிலுக்காக ஆண்கள், சோப்புக்காகவும் குக்கருக்காகவும் பெண்கள். "நமக்கு இருக்க மரியாதையெல்லாம் இந்த அட்டைக்குத்தான் கேட்டியா?" என்று கேண்டீன் அட்டையைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார்.

அவரைப் பற்றிச் சொல்லும்போது ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ராணுவத்தில் அவ்வப்போது உடல் பரிசோதனை உண்டு. ஒரு குறையும் இல்லாதவனுக்கு 'ஷேப் ஒன்' என்று எழுதுவார்கள். ஏதாவது நோய் இருக்குமோ என்று தோன்றினாலும், ஓய்வு பெறும் சமயத்திலும் மருத்துவர்கள் கூடி உட்கார்ந்து பார்ப்பார்கள். அதற்குப் பெயர் போர்டு. போர்டில் தரம் இறங்கினால் பதவி உயர்வு நின்றுவிடும். அதனால் போர்டுக்குப் போகிறவன் காய்ச்சலோடு இருந்தாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போவான். என் கணவருக்கு முப்பது வயதிலேயே ரத்த அழுத்தம் இருந்திருக்கிறது. முகாமுக்கு வெளியே ஒரு கடையில் மாத்திரை வாங்கி, மடித்த காலுறைக்குள் ஒளித்து வைத்துத் தின்றிருக்கிறார். பரிசோதனைக்கு முந்தின நாள் யாரோடும் பேசாமல் மர நிழலில் உட்கார்ந்திருப்பாராம். ஓய்வு பெறும்போது நடந்த கடைசிப் பரிசோதனையிலும் ஷேப் ஒன். அதை அவர் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார். நானும் பெருமையாகத்தான் கேட்டேன்.

அந்த ரத்த அழுத்தம் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டையும் தின்றுவிட்டது. மகனுக்கு ஐந்து வயதானபோது டயாலிசிஸ் தொடங்கியது. வாரத்தில் இரண்டு நாள். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவ அட்டை இருந்ததால்தான் அதைச் செய்ய முடிந்தது. கேண்டீன் அட்டையை வைத்துச் செய்த கேலி நின்று போனது. மருத்துவ அட்டையை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைப் பையில் வைத்துத் தூங்குவார்.

இனி மகன். பிறந்தவுடன் அவன் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுதான். அந்தக் கொஞ்ச நேரத்தில் நடந்ததுதான் எல்லாம் என்று பிற்பாடு சொன்னார்கள். மூன்று வயதில் நடந்தான். ஆறு வயதில் இருபது வார்த்தைகள் சொல்வான். சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. வயிறு நிறைந்தது தெரியாது. தட்டை எடுக்காவிட்டால் புரையேறும்வரை தின்பான். தண்ணீரைக் கண்டால் அதற்குள் நடந்துவிடுவான். ஒருமுறை வயலுக்குத் தண்ணீர் போகும் கால்வாயில் நெஞ்சு அளவு தண்ணீரில் சிரித்துக்கொண்டு நின்றவனை, டிராக்டர் ஓட்டி வந்த ஒருவர் இறங்கித் தூக்கி வந்து என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து வாசல் கதவு பூட்டியே இருக்கும். பூட்டினேனா என்று ஒரு நாளைக்குப் பத்து முறை போய்ப் பார்ப்பேன். இப்போது எழுதும்போதும் ஒருமுறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

எங்கள் பகுதி முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. ஓர் உரக்கடையின் மாடியில் ஒரே அறை. அதன் செயலாளர் சுபேதாராக ஓய்வு பெற்றவர். வயது எழுபது இருக்கும். சுபேதாரை ராணுவத்தில் 'சாப்' என்றுதான் கூப்பிட வேண்டுமாம். என் கணவர் அப்படிக் கூப்பிட்டு, எனக்கும் அதுவே பழகிவிட்டது. யாருக்கு எந்த விண்ணப்பம், எந்தச் சான்று, எந்த அலுவலகம் என்பதெல்லாம் சாப்புக்கு மனப்பாடம். டயாலிசிஸ் தொடங்கிய சில மாதங்களில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கட்டஞ்சாயா குடித்துவிட்டு, மகனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு என் கணவரிடம் சொன்னார்.

"கேளு மக்கா. நீ இருக்கது வர பென்ஷன் உனக்கு. உனக்குப் பொறவு இவளுக்கு. அதுக்கும் பொறவு? சாதாரணப் பயலுக்கு இருபத்தஞ்சு வயசானா பேர வெட்டிருவாவ. இவனால தனியாப் பொழைக்க முடியாதுன்னு ஆஸ்பத்திரி போர்டு எழுதிக் குடுத்தா, ஆயுசு முழுக்க பென்ஷனும் உண்டு, மருந்து அட்டையும் உண்டு. நீ உயிரோட இருக்கும்போதே இவன் பேர ஏத்திரு. நீ ஒப்பு போட்டா ஒரு காகிதம். நீ போன பொறவு இவ அலைஞ்சா ஒன்பது காகிதம்."

"ஏத்திரலாம் சாப்," என்றார் என் கணவர்.

மருத்துவமனையில் போர்டுக்கு நான்கு மாதம் கழித்து ஒரு நாள் கொடுத்தார்கள். போர்டு என்ற சொல் காதில் விழுந்ததுமே அவருக்குள் என்னவோ எழுந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். அந்தச் சொல்லுக்கு அவர் வாழ்நாளில் ஒரே அர்த்தம்தான் இருந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மகனை எதிரே நிறுத்தினார்.

"சாவ்தான்!"

அப்படியென்றால் விறைப்பாக நிற்க வேண்டும். குதிகாலைச் சேர்த்து, கைகளை நிக்கரின் தையலோடு ஒட்டி. அவர் "விஷ்ராம்" சொன்னால் தளர்ந்து நிற்கலாம். இதைப் பழக்க மூன்று வாரம் ஆனது. அதன்பின் பேர், அப்பா பேர், ஊர், ஒன்று முதல் பத்து, கடைசியில் ஜெய்ஹிந்த். இருபது வார்த்தை சொல்கிற பிள்ளை எப்படிக் கற்றுக்கொண்டான் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவனுக்கு அப்பாவின் குரல் பிடித்திருந்தது. எல்லாம் சரியாகச் சொல்லி முடித்தால் அவர் "பாஸ்!" என்று கத்தி அவனை அள்ளிக்கொள்வார். அந்த அள்ளலுக்காகவே அவன் ஏழு மணிக்கு நாற்காலிப் பக்கத்தில் போய் நின்றான்.

அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. நான் பி.எட். படித்தவள். மகன் பிறக்கும்வரை ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு எடுத்தேன். தேர்வு என்றால் பிள்ளையைத் தயார் செய்ய வேண்டும். எனக்கும் அதுதான் தெரியும். அட்டை வெட்டி நிறங்களை ஒட்டி, எது சிவப்பு, எது பச்சை என்று மத்தியானங்களில் நான் பழக்கினேன். ராணுவத்துக்காரரும் டீச்சரும் சேர்ந்து ஒரு பிள்ளையை எந்தத் தேர்வுக்குத் தயார் செய்கிறோம் என்று எங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

போர்டு நாளன்று அவனுக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தலையைப் படிய வாரிவிட்டேன். வடசேரியில் இறங்கி இன்னொரு பேருந்து பிடித்து மருத்துவமனைக்குப் போனோம். காத்திருந்த பெஞ்சில் எங்கள் பக்கத்தில் ஒரு பெண், கடற்கரைப் பக்கத்துக்காரர், பத்து வயது மகளோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்பிள்ளைக்குத் தலைகூட வாரவில்லை. சட்டையில் எச்சில் ஊறியிருந்தது. பசியில் அழுதுகொண்டிருந்தது.

"ஒண்ணும் குடுக்கலியா அக்கா?" என்று கேட்டேன்.

"போர்டு முடியட்டு, குடுக்கேன்," என்றார் அவர். என் மகனை மேலும் கீழும் பார்த்தார். "உங்க பயலுக்கு என்ன சீக்கு? பாக்கதுக்கு நல்லா இருக்கானே?"

எனக்கு அது பெருமையாக இருந்தது. ஒரு தாய் தன் பிள்ளையை இப்படியா வெளியே கூட்டி வருவாள் என்று மனதுக்குள் நினைத்தேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்பது புரியப் பல நாளானது.

உள்ளே ஒரு பெண் மருத்துவர். நல்லவர். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தார். அவன் அவருடைய வெள்ளைக் கோட்டைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். அவர் மெல்ல, உதட்டால் மட்டும், "சாவ்தான்" என்றார். அவன் குதிகால் சேர்த்து நின்றான். பேர் சொன்னான். அப்பா பேர் சொன்னான். பத்துவரை தப்பில்லாமல் எண்ணினான். சிவப்பு அட்டையை எடுத்துக் கொடுத்தான். ஜெய்ஹிந்த் சொன்னான். மருத்துவர் கைதட்டினார். என் கணவருக்குக் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

பிறகு மருத்துவர் என்னைப் பார்த்து ஒரு தாளை எடுத்தார். தினசரி வாழ்க்கையில் அவன் எப்படி என்று தாய்தான் சொல்ல வேண்டுமாம்.

"தானே சாப்பிடுவானாம்மா?"

அவன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் என் கணவர் நின்றார், கைகள் பேண்ட் தையலோடு ஒட்டியிருந்தன.

"சாப்பிடுவான் டாக்டர்."

"பாத்ரூம் போகணும்னா சொல்வானா?"

"சொல்வான்." அந்த மாதத்தில் மூன்றே தடவைதான் சொல்லியிருந்தான்.

"தனியா ரோட்டுல விட்டா வீடு வந்து சேருவானா?"

நான் கால்வாயை நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான், "பழக்கினா வந்துருவான்," என்றேன்.

மருத்துவர் எழுதினார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். லேசான பாதிப்பு, பயிற்சியால் தேறி வருகிறான், இரண்டு வருடம் கழித்து மறுபரிசோதனை என்று சான்று வந்தது.

வடசேரி பேருந்து நிலையத்தில் என் கணவர் நேந்திரங்காய் வற்றல் ஒரு பொட்டலம் வாங்கி அவன் கையில் கொடுத்தார். "ஏட்டி, பாத்தியா நம்ம பயல? ஷேப் ஒன்!" என்றார். நானும் சிரித்தேன். அந்த நாளைப் பற்றிப் பொய் எழுதக்கூடாது. அன்று நாங்கள் மூன்று பேரும் மிகவும் சந்தோஷமாக இருந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்குச் சான்றை எடுத்துக்கொண்டு போனோம். சாப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். அப்புறம் கண்ணாடிக்கு மேலாக என் கணவரைப் பார்த்தார்.

"லேய் ஹவில்தாரு, நீ இவன பட்டாளத்துல சேர்க்கவா கொண்டு போன?"

அங்கிருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். பிறகு அவருடைய முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருக்க, கண்கள் மட்டும் மாறின. சாப் சான்றை மடித்து என் கையில் கொடுத்தார். "இத வச்சு ஒண்ணும் செய்ய முடியாது மக்கா. பய பொழச்சுக்குவான்னுல்லா எழுதிருக்கு."

வீட்டுக்கு வந்து என் கணவர் குழாயடியில் ரொம்ப நேரம் கை கழுவினார். நான் துண்டோடு பின்னால் நின்றேன். என்னைப் பார்க்காமலே, "எல்லா போர்டுலயும் ஜெயிச்சேன் கேட்டியா. ஒண்ணுலயாவது தோத்துருந்தா சீக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்," என்றார். தன்னைச் சொன்னாரா, மகனைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. நான் சொன்ன பதில்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முன்னதாகவே மறுபரிசோதனை வேண்டும் என்று இரண்டு மனு எழுதினார். குறித்த காலத்தில் வரவும் என்று பதில் வந்தது. காலையில் முற்றத்துப் பாடம் மட்டும் நிற்கவில்லை. "இனி எதுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன். "அவன் வந்து நிக்கான். நான் என்ன செய்ய?" என்றார்.

போர்டு முடிந்து பதினோரு மாதத்தில் அவர் போய்விட்டார். டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவில் வந்துகொண்டிருந்தோம். அவன் எங்கள் இருவருக்கும் நடுவில். அவர் தலையைச் சாய்த்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, "பள்ளத்துல பைய விடுங்கோ அண்ணாச்சி," என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் தெரிந்தது. எத்தனை பள்ளங்களை நான் அப்படி வீணாகப் பார்த்துக்கொண்டு வந்தேன் என்று இன்றும் அந்தச் சாலையில் போகும்போது நினைப்பு வரும்.

சங்கத்தில் வருடத்துக்கு ஒரு முறை, தை மாதத்தில் ஒரு ஞாயிறு உறுப்பினர் புதுப்பிப்பு. விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது. சாப் பதிவேட்டைத் திறந்து, பட்டாளத்தில் செய்வது போலவே ஒவ்வொருவருடைய பதவியையும் எண்ணையும் கூப்பிடுவார். ஆள் எழுந்து "ஹாஜிர் சாப்" சொன்னால்தான் பெயருக்கு நேரே டிக். கம்பு ஊன்றி வரும் கிழவர்கள்கூட அந்த இரண்டு வார்த்தைக்காக மாடிப்படி ஏறுவார்கள். என் கணவர் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். அவருடைய எண்ணைக் கூப்பிடும்போது அவனைத்தான் சொல்லச் சொல்வார். அறையே சிரிக்கும்.

இந்தத் தையில் நான் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். இறந்த உறுப்பினர்களின் மனைவிமாருக்கு இடதுபக்க வரிசை. விண்ணப்பமும் வேறு நிறம், நீலம். எல்லாம் நிரப்பினேன். கடைசிக்கு முன் கட்டத்தில், 'சார்ந்துள்ள பிள்ளைகள்: நலம் / மாற்றுத்திறன்' என்று இருந்தது. பேனா அங்கே நின்றுவிட்டது. நலம் என்றால் சான்றுக்குப் பொருந்தும், உண்மைக்குப் பொருந்தாது. அதை வெற்றாக விட்டேன்.

சாப் பதிவேட்டை வாசித்துக்கொண்டே போனார். வயதான கண், பழைய பக்கம், அடித்துவிட மறந்திருக்கிறார். ஹவில்தார் என்று சொல்லி, என் கணவருடைய எண்ணைக் கூப்பிட்டுவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அதற்குள் என் பக்கத்தில் குதிகால் சேரும் சத்தம் கேட்டது.

"ஹாஜிர் சாப்!"

யாரும் சிரிக்கவில்லை. அவன் விறைத்து நின்றான். சாப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அவரே மெதுவாக, "விஷ்ராம் மக்களே," என்றார். அவன் தளர்ந்து, அப்பா எங்கே என்று வாசலைப் பார்த்தான்.

கூட்டம் கலைந்த பிறகு சாப் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மறுபரிசோதனைக்கு இன்னும் ஏழெட்டு வாரம் இருக்கு. அதுவர இந்த டிரில்ல நிறுத்து. அவனப்போல பிள்ளைக ஒரு மாசம் விட்டா மறந்துருவாவ. மறக்காம அங்க போய் நின்னான்னா, போன தடவக் கததான்."

"நான் உள்ளத உள்ளபடி சொல்லிருவேன் சாப். அன்னைக்கு மாத்திச் சொல்லிட்டேன்னு."

"சொல்லு. சொல்லாண்டாம்னு நான் சொல்லல. ஆனா பழைய காகிதத்துல உன் ஒப்பு கெடக்கு. அப்பன் இருக்கும்போ எல்லாம் முடியும்னு சொன்னவ, அப்பன் போனதும் ஒண்ணும் முடியாதுன்னு சொல்லுகா. பென்ஷனுக்காகச் சொல்லுகான்னு அவங்களுக்குத் தோணாதா? பிள்ளையப் பாத்தா அவங்களுக்கே தெரியணும். அதுக்குத்தான் சொல்லுகேன்."

"மறந்துட்டா திரும்ப வருமா சாப்?"

அவர் பதிவேட்டை மூடினார். "அது எனக்குத் தெரியாது மக்கா. எனக்குக் காகிதம்தான் தெரியும்," என்றார்.

எனக்குத் தெரியும். அவனை வாரம் ஒருநாள் கூட்டிப் போகும் பயிற்சி மையத்து டீச்சர் முன்பே சொல்லியிருக்கிறார்: இந்தப் பிள்ளைகள் கற்றதை விடாமல் செய்ய வேண்டும், விட்டால் போய்விடும், இரண்டாம் தடவை வருவது கஷ்டம்.

மண்டைக்காட்டில் இருக்கும் என் கணவரின் அக்கா, என் மைனி, அந்த வாரமே வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "பிள்ளைக்குப் புத்தி இல்லன்னு சர்க்காருகிட்ட எழுதி வாங்கணுமா? உனக்கென்ன, படிச்சவ. எனக்கு ரெண்டு பெண்ணு நிக்கி. நாள பின்ன மாப்பிள வீட்டுக்காரன் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்றாள். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "அது கெடக்கட்டு. கேண்டீன் அட்ட உன் பேருக்கு மாறிற்றா? ஒரு குக்கர் வேணும்," என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இருந்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பார் என்றுதான் தோன்றியது.

ஒருநாள் நிறுத்திப் பார்த்தேன். அவர் போன பிறகு காலையில் "சாவ்தான்", "விஷ்ராம்" சொல்வது நான்தான். என் குரல் அதற்குப் பொருந்தாது. ஆனாலும் அவன் காலியான நாற்காலியின் முன் நின்று எனக்காக எல்லாம் சொல்வான். அன்று ஏழு மணிக்கு நான் முற்றத்துக்கே போகவில்லை. அடுக்களையில் பாத்திரம் தேய்த்தேன். இட்லி ஊற்றினேன். சத்தமில்லை. விளையாடப் போயிருப்பான், இவ்வளவுதான், மறந்துவிடுவான் என்று நினைத்தேன். நினைத்த உடனே பயம் வந்தது. வாசல் கதவைப் பூட்டினேனா என்று ஓடினேன்.

அவன் முற்றத்தில் நாற்காலியின் முன் நின்றுகொண்டிருந்தான். யாரும் சொல்லாமல் தானாகவே சாவ்தானில் நின்றிருக்கிறான். விஷ்ராம் சொல்ல ஆளில்லை. வெயில் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கண் ஓரத்தில் ஓர் ஈ. நிக்கர் நனைந்து, கால்வழியே வடிந்து, தரையில் ஈரம். கைகள் மட்டும் தையலை விட்டு அசையவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேலாக நின்றிருக்கிறான்.

"விஷ்ராம்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். அவன் தளர்ந்து, என்னைப் பார்த்துச் சிரித்து, "பாஸ்" என்றான். தன்னை அள்ளிக்கொள்ளக் கையை நீட்டினான்.

அதன்பின் ஒரு நாளும் நிறுத்தவில்லை. ஏழு மணிக்கு நானே போய் நிற்கிறேன். ஒவ்வொரு நாளும் அவன் இன்னும் கொஞ்சம் நன்றாகச் சொல்கிறான். ஒவ்வொரு நாளும் அந்தச் சான்று இன்னும் கொஞ்சம் எட்டிப் போகிறது.

டிரில் இருக்கட்டும், மற்ற நேரத்தில் அவன் எப்படி என்பதை மருத்துவருக்குக் காட்டலாமே என்று செல்பேசியில் படம் எடுத்தேன். சாப்பாடு புரையேறுவது, பூட்டிய கதவை நெற்றியால் முட்டுவது, நனைந்த பாய். எடுத்து முடித்ததும் என் பிள்ளையிடமிருந்து எதையோ திருடியது போல இருந்தது. அழித்தேன். மறுநாள், அழித்தது தவறோ என்று மறுபடியும் எடுத்தேன். அதுவும் இப்போது இல்லை.

எனக்கு முப்பத்திரண்டு வயது. நான் நல்லபடியாக இருந்தால் இன்னும் எத்தனையோ வருடம் அவனைப் பார்த்துக்கொள்வேன். ஆனால் நல்லபடியாக இருப்பேன் என்று நம்பும் பழக்கம் எனக்குப் போய்விட்டது. நான் இல்லாத ஒரு நாளில் அவன் எந்த வாசலில், யார் விஷ்ராம் சொல்வதற்காக நிற்பான்? அன்று அவனுக்கென்று இருக்கப்போவது அந்த ஒரு தாள்தான். அவனுடைய அப்பா அவனுக்கென்று விட்டுப்போனதும் காலை ஏழு மணியின் அந்தக் கொஞ்ச நேரம்தான். ஒன்றை வாங்க இன்னொன்றைக் கொடு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

இதைப் படிக்கிறவர்களில், இப்படியொரு பிள்ளையோடு அப்படியொரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். முதலில் மாற்றிச் சொல்லிவிட்டுப் பிறகு உண்மையைச் சொன்ன தாயை அவர்கள் நம்பினார்களா? அவன் சாவ்தானில் நிற்கும்போது அதை அவன் அப்பா பழக்கியது என்று சொன்னால் மருத்துவருக்குப் புரியுமா, அல்லது அதை நான் சொல்லவே கூடாதா? பக்கத்து பெஞ்சிலிருந்த அந்தக் கடற்கரை அக்கா இதைப் படிக்க நேர்ந்தால், அவரும் சொல்லட்டும்; அன்று மனதுக்குள் நினைத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்தக் கேள்விகளுக்கு நீங்கள் பதில் சொன்னபோது உங்கள் பிள்ளையை எங்கே நிறுத்தியிருந்தீர்கள்? வெளியே விட்டுவிட்டு உள்ளே போகலாம் என்றால், அவன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க என்னிடம் இப்போது வேறு ஆளில்லை.